அம்மாவின் மாத்திரைக்கு எது: பூட்டுப் பெட்டியா, கூடி உட்கார்ந்து செய்ததா?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அம்மாவுக்கு வயது 81. தமிழும் பழைய கடைத்தெரு மலாயும் தெரியும். கவனித்துக்கொண்ட பணிப்பெண் மியன்மார்க்காரர்; பர்மியமும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். ஐந்து வகை மாத்திரை. இரண்டு வழியையும் வைத்துப் பார்த்தாயிற்று.

ஒன்று, நேரமானால் ஒலியெழுப்பி அந்த வேளை மாத்திரையை மட்டும் வெளியே தள்ளும் பூட்டுப் பெட்டி. துல்லியமானது. எடுக்காவிட்டால் என் கைத்தொலைபேசிக்குத் தகவல் வரும்.

மற்றது ஒரு பழைய டேப்லட் கணினி. ஞாயிறு மத்தியானம் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அமைத்தோம். ஒவ்வொரு மாத்திரையின் படம். கீழே அம்மா சொல்லும் பெயர்: ‘சோத்து மாத்திரை’, ‘எலும்பு மாத்திரை’. படத்தைத் தொட்டால் பணிப்பெண்ணின் குரலிலேயே பர்மியக் குறிப்பு கேட்கும்.

அந்தப் பேச்சில்தான் வெள்ளிக்கிழமை விரதம் தெரியவந்தது. காலை 8 மணிக்குப் பெட்டி, சர்க்கரை நோய் மாத்திரையான கிளிபிசைடைத் தள்ளிவிடும். அம்மா அன்று மதியம்தான் சாப்பிடுவார். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். பலதுறை மருந்தகத்தில் (அரசு கிளினிக்) கேட்டு வெள்ளிக்கு மட்டும் நேரத்தை மாற்றினோம். பெட்டியிலும் மாற்றலாம்தான். ஆனால் அதை வாங்கியபோது அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சரி, என்னை டேப்லட் பக்கம் சாய்த்தது வேறு: மாற்றம் வந்தால் யார் திருத்துவது? மருந்தின் அளவு மாறும். பணிப்பெண்ணின் வேலை அனுமதி பொதுவாக 2 ஆண்டு, ஆளும் மாறுவார். பெட்டியின் ஆங்கில மெனு எனக்கு மட்டுமே பழக்கம். ஒரு தடவை நான் வெளியூரில் இருந்தபோது நான்கு நாள் பழைய அளவே வந்துகொண்டிருந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

பர்மியப் பெண் ஊர் திரும்பி இந்தோனேசியப் பெண் வந்தபோது டேப்லட்டுக்கு ஒரு மாலைதான் ஆனது. படங்கள் அப்படியே. புதுக்குரல் அம்மாவுடையது, மலாயில்: எலும்பு மாத்திரை வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், அப்புறம் அரை மணி படுக்கக் கூடாது. மருந்துக்கு அம்மா ‘உபாட்’ என்றார். “எங்கள் ஊரில் ஓபாட், பாட்டி” என்று அந்தப் பெண் சிரித்தார். மறுபடி பதிந்தார்கள்.

அம்மாவுக்கு நினைவு தெளிவு. மறதி நோய் உள்ள வீட்டு அனுபவம் எனக்கில்லை. அங்கே இரண்டு தடவை போட்டுவிடாமல் தடுக்கும் பூட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பெட்டியே வாங்கினாலும், நேரம் வைக்கும்போது பணிப்பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பொத்தான்களை அவர் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள்.