ரீயூனியனில் ஒரே நாள்: எரிமலையா, சிலாவோஸா?

ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. வாடகைக் கார் இருந்தால் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலைக்கே போங்கள். விடியுமுன் கிளம்ப வேண்டும். முற்பகலிலேயே மேகம் ஏறிவிட்டால், 2,311 மீட்டர் உயரத்தில் இருக்கும் பா த பெல்கோம்ப் காட்சிமுனையிலிருந்து வெறும் வெண்மைதான் தெரியும். அங்கிருந்து எரிமலை உச்சியில் இருக்கும் டொலொமியூ பள்ளத்தின் விளிம்புவரை நடந்து திரும்ப ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வழியில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும். பாறைகளில் தீட்டிய வெள்ளைக் குறிகளை விட்டு விலகினால் மூடுபனியில் திசை தப்பும். எரிமலை குமுறினால் உள்ளே விடமாட்டார்கள்.

கார் இல்லையா? அப்படியானால் மலைகள் சூழ்ந்த ஊரான சிலாவோஸ். கடற்கரை ஊரான சேன் லூயியிலிருந்து பேருந்து உண்டு. 400-க்கும் மேற்பட்ட வளைவுகள், வயிற்றைப் புரட்டும். முன் இருக்கையைப் பிடியுங்கள். இறங்கியதுமே கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பாருங்கள். பெருமழையில் பாறை சரிந்து சாலை அடைபடும்.