ஹோல்கா 120என்: டேப் இல்லாமல் வாங்காதீர்கள்

1982இல் ஹாங்காங்கில் அறிமுகமான ஹோல்கா வரிசையில் பின்னர் வந்த பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா. 60 மி.மீ. லென்ஸும் பிளாஸ்டிக்தான், நடுவில் ஓரளவு தெளிவு, மூலைகளில் மங்கலும் இருட்டும். அதற்காகத்தானே வாங்குகிறார்கள்!

ஷட்டர் வேகம் ஒன்றே, சுமார் 1/100 நொடி. ஒளியை அதிகம் உணரும் ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் போடுங்கள். 100 என்றால் நல்ல வெயில் வேண்டும். வெயில், மேகம் என்று படம் போட்ட விசையைப் பெரிதாக நம்பாதீர்கள். பழைய பெட்டிகளில் அது எதையுமே மாற்றாது.

பெரிய தொல்லை பின்மூடி. தோள்வார் இழுபட்டால் பக்கக் கிளிப் கழன்று மூடி விழும், ரோல் காலி. ஃபிலிம் போட்டதும் கிளிப்புகள்மீதும் மூடியின் விளிம்பைச் சுற்றியும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலையும் மூடி, சுற்றும்போது மட்டும் நிழலில் திறங்கள். ரோல் தளர்வாகச் சுற்றினால் ஓரத்தில் வெளிச்சம் புகும். புது ஃபிலிம் சுருளுக்கு அடியில் மடித்த அட்டைத்துண்டு வைத்தால் இறுகும்.

ஜன்னலின் அம்பு 12இல் இருந்தால் ரோலுக்கு 12 சதுரப் படம். கேமராவுக்குள் சதுரச் சட்டத்தை மாட்டிவிட்டு, சிறிய படங்களுக்கான 16இல் அம்பை விட்டால் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியிலுள்ள என்–பி விசை (என் என்றால் வழக்கமான வேகம்) பையில் உரசி பி-க்குப் போய்விடும், அப்போது ஷட்டர் விரல் எடுக்கும்வரை திறந்தே நிற்கும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலோ, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் அது தெரியவே தெரியாது.