மூன்று மருந்து, ஒரே கேப்சூல்: மாரடைப்புக்குப் பின் இது போதுமா?

ஆஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரெல் 75 மி.கி., கூடவே கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின். இந்த மூன்றையும் ஒரே கேப்சூலில் அடைத்துப் பல கம்பெனிகள் விற்கின்றன. பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலும் கிடைக்கிறது, அம்பாசமுத்திரத்திலும் கிடைக்கிறது. மாத்திரையை மறக்கிற பெரியவர்களுக்கு இது நல்ல வசதி. ஆனால் மாரடைப்பு வந்த முதல் வருடத்தில் மூன்றையும் தனித்தனியாக வாங்குவதே மேல்.

முதல் இரண்டு மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்), ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் ஒட்டியதும், த்ராம்பாக்சேன், ஏடிபி என்ற இரண்டு ரசாயனங்களை வெளியே விட்டு மற்ற தட்டணுக்களைக் கூட்டிச் சேர்க்கும். த்ராம்பாக்சேனுக்கு வேண்டிய நொதியை ஆஸ்பிரின் அடியோடு முடக்கிவிடும். ஏடிபி வந்து உட்காரும் பி2ஒய்12 ஏற்பியைக் குளோபிடோக்ரெல் அடைத்துவிடும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. 7 முதல் 10 நாள் ஆயுள் முழுக்க முடங்கியே கிடக்கும். அதனால் ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம், மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம். கோயில் கொடை, கல்யாணம் என்று நாலைந்து நாள் விட்டால்தான் ஆபத்து: புதுத் தட்டணுக்கள் பெருகி இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட் என்ற வலைக்குழாய்க்குள் ரத்தம் உறையலாம். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

குளோபிடோக்ரெல் ஈரலில் மாறிய பிறகே வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஒமெப்ரசோல் தடுக்கும். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வேண்டுமென்றால் பேன்டோபிரசோல் கேளுங்கள்.

கோளாறு மூன்றாவது மருந்தில் இருக்கிறது. கேப்சூலில் அட்டோர்வாஸ்டாட்டின் பெரும்பாலும் 10 அல்லது 20 மி.கி.தான். மாரடைப்புக்குப் பின் வழக்கமாகத் தருவது 40 முதல் 80. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பாதியாகக் குறைக்க அந்த அளவு வேண்டும். சீட்டில் 40 என்றிருந்தால் கடையில் கேப்சூலாக மாற்றித் தந்தாலும் வாங்காதீர்கள். 20 இருப்பு இல்லையென்று 10-ஐ நீட்டினாலும் அப்படியே. கேப்சூல் போடுகிறவர்கள், அதிலேயே ஆஸ்பிரின் இருப்பதால், வீட்டில் பழைய ஆஸ்பிரின் அட்டை இருந்தால் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டு மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விழுங்க முடியவில்லை என்று கேப்சூலைத் திறந்து பாலில் கொட்டுவதும் தவறு. ஆஸ்பிரின் குடலுக்குப் போய்க் கரையத்தான் அதன்மேல் பூச்சு போடுகிறார்கள்.

இன்னொன்று, கேப்சூல் இருக்கிறதே என்று டாக்டர் தனியாகத் தந்த மெட்டோப்ரோலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து), ராமிப்ரில் இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் தரும் சமிக்ஞையால் இதயத் தசையில் தழும்பு பரவி இதயம் விரிகிறது. அதைத் தடுப்பது ராமிப்ரில். இந்தக் கேப்சூலில் அதற்கு மருந்து கிடையாது. ராமிப்ரிலால் வறட்டு இருமல் வந்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், டெல்மிசார்டான் போன்ற வேறொன்றுக்கு மாற்றித் தருவார்.