பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் பெக்கா பி40 பரிசோதனை: தாதியின் பணி எப்படி?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மலேசிய அரசின் பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவச உடல்நலப் பரிசோதனை செய்துதரும் தனியார் கிளினிக்குகள் கோலாலம்பூரில் பல இருக்கின்றன. எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களிடம், மருத்துவரைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அங்குள்ள தாதி எப்படி வேலை செய்கிறார் என்று விசாரியுங்கள் என்பேன். பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மாவை நான் அழைத்துச் சென்ற சிறிய கிளினிக் அந்த வகையில் பாராட்டுக்குரியது.

2019இல் தொடங்கிய இத்திட்டம், அரசின் ரஹ்மா ரொக்க உதவி பெறுவோரில் 40 வயதை எட்டியவர்களுக்கும் அதே வயதை எட்டிய அவர்களின் துணைவருக்கும் உரியது. முதல் வருகையில் நோய் வரலாற்றைக் கேட்டு, உடலை அளந்து, இரத்தமும் சிறுநீரும் எடுக்கிறார்கள். முடிவுகளை மருத்துவர் அடுத்த வருகையில் விளக்குகிறார். இங்கே முதல் வருகையின் பெரும்பகுதி தாதியிடமே கழிந்தது. அங்கு அளவு பிழைத்தால், பிறகு மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு அம்மா கையை நீட்டியபோது, தாதி இரத்த அழுத்தக் கருவியைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொன்னார். சற்றுமுன் காப்பி குடித்தாரா என்று கேட்டார். பாதங்களைத் தரையில் ஊன்றவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, பருத்த கைக்கேற்ற அகலமான பட்டையை எடுத்துவந்து கட்டி, இருமுறை அளந்தார். சிறிய பட்டையைப் பெரிய கையில் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும், அதை நம்பி இல்லாத நோய்க்கு மாத்திரை தொடங்கிவிடக்கூடும் என்பதையும் எத்தனை கிளினிக்குகள் பொருட்படுத்துகின்றன? இடையில் அம்மா பேச முயன்றபோது, "ஆன்ட்டி, இது முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று கனிவாகத் தடுத்தார்.

உணவைப் பற்றிக் கேட்ட விதமும் பிடித்திருந்தது. இனிப்பு சாப்பிடுவீர்களா என்றால் நம்மவர் அனைவரும் இல்லை என்றே சொல்வார்கள். அவரோ ஒரு நாளைக்கு எத்தனை தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) என்று கேட்டார். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை புரியும். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு அம்மாவுக்கு 6.0 விழுக்காடு என்று வந்தது. மலேசியாவில் 6.3இலிருந்து நீரிழிவு என்று கணக்கிடுகிறார்கள், 5.7 முதல் அதற்கு முன்நிலை. மறுபரிசோதனைக்குத் தேதி குறித்துக் கொடுத்ததும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக அரசு கிளினிக்கில் பெண்கள் தாமே மாதிரி எடுக்கும் எச்.பி.வி. (அப்புற்றுநோயை உண்டாக்கும் கிருமி) சோதனையைப் பற்றிக் கூச்சமில்லாமல் எடுத்துச்சொன்னதும் அதே தாதிதான்.

குறையும் உண்டு. கேள்விகள் கேட்கும் இடம் முகப்பை ஒட்டி, மெல்லிய திரைக்குப் பின்னால் இருப்பதால், மனநலத்தைப் பற்றிய கேள்விகளுக்கு அம்மா சொன்ன பதில்கள் காத்திருந்தவர்கள் காதிலும் விழுந்தன. கதவுள்ள ஓர் அறை அவசியம்.

தனியார் கிளினிக்குகளில் சீருடை அணிந்த அனைவரும் பதிவுபெற்ற தாதியர் அல்லர் என்பதால், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம். மைகார்டு எனும் அடையாள அட்டையுடன், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளையும் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். தாதி முதலில் கேட்பது அவற்றைத்தான்.