ஊரில் தொலைந்த கார் சாவியும் தெருவிலேயே நடந்த புரோகிராமிங்கும்

சாவி தொலைந்துவிட்டது என்று போன் செய்தால் காரையே இழுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்கிற சர்வீஸ் சென்டரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. இந்த முறை ஊரில் பார்க்க வேண்டிய மற்ற வேலையெல்லாம் ஒழுங்காகவே முடிந்தது, அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. சித்தப்பாவின் கார் சாவி விஷயத்தை மட்டும் எழுதியே ஆக வேண்டும்.

சாவி எங்கோ கூட்டத்தில் விழுந்துவிட்டது. இன்னொன்று இருந்தது, அது வீடு மாறியபோதே காணாமல் போயிருக்கிறது. ஆக, கையில் ஒரு சாவிகூட இல்லை. பழைய வண்டி என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: ஆள் வருவார், வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் விட்டுப் பார்ப்பார், அரத்தால் ராவுவார், மறுபடி விட்டுப் பார்ப்பார், நாம் பக்கத்தில் நின்று கதை பேசிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். இப்போது அப்படி ராவிய சாவி கதவைத் திறக்கும், பல வண்டிகளில் ஸ்டார்ட்டர்கூடச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது, அல்லது பிடித்த கையோடு நின்றுவிடும். காரணம், சாவியின் தலைப்பகுதிக்குள் அரிசி மணி போலக் கிடக்கிற சிப். அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள வளையக் கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும், சிப் அதிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும். காரின் நினைவகத்தில் பதிந்துள்ள சாவியோடு அது பொருந்தினால்தான் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு அமைப்பு இன்ஜினை ஓடவிடும்.

சர்வீஸ் சென்டரில் போனை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் வந்தவர் சொன்னது: வண்டியை இழுத்து வர வேண்டும், சாவி கம்பெனியிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கன்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டியும் வரலாம். வண்டியைப் பார்க்காமலே, எந்த மாடல் என்று சரியாகக் கேட்காமலே, இன்ஜினின் மூளையை மாற்றச் சொல்கிறார்! நான் இருக்கும் கனடாவிலும் டீலர்கள் இழுத்து வரத்தான் சொல்வார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால், வேனில் வந்து சாவி செய்து கொடுப்பது பழகிப்போன தொழில். போனிலேயே வண்டியின் வருடம், மாடல், ஏதாவது ஒரு சாவி இருக்கிறதா, எல்லாம் போய்விட்டதா என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வேலை செய்கிற சாவி ஒன்று இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது சுலபம், ஒன்றுமே இல்லையென்றால் வேலையே வேறு. இங்கே அத்தனை பேரிடம் பேசியும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்து, யாரோ கொடுத்த நம்பரில் ஒருவர் கிடைத்தார். "சிப்பே தேவையில்லை அண்ணா, இம்மொபிலைசரைப் பைபாஸ் பண்ணிவிடலாம், சாதாரணச் சாவியிலேயே ஓடும்" என்றார். சித்தப்பா உடனே சரி என்று சொல்லப் போனார், நான்தான் தடுத்தேன். அப்படிச் செய்தால் பூட்டை உடைக்கத் தெரிந்த எவனும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். சாவி தொலைந்ததற்காகக் காவலையே எடுத்துவிடுவது என்ன நியாயம்? இதை ஒரு வசதி மாதிரிச் சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகுதான் பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லி, பைக்கில் ஒரு தோள்பையும் பின்னால் கட்டிய பெட்டியுமாக இன்னொருவர் வந்தார். வந்ததும் வண்டியைத் தொடவில்லை. வண்டிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் கேட்டு, பத்திரத்தில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சித்தப்பாவுக்கு முகம் சுருங்கியது. எனக்கோ அந்த நிமிடமே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

கதவுப் பூட்டுக்குள் அளவுக்கோடு போட்ட மெல்லிய தகட்டுக் கருவி ஒன்றை விட்டு, உள்ளே இருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் உணர்ந்து, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று சின்ன நோட்டில் எண்களாக எழுதிக்கொண்டார். கதவு திறந்தது. அந்த எண்களைப் பெட்டிக்குள் இருந்த வெட்டும் மெஷினில் கொடுத்தார், பேட்டரியில் ஓடுகிற மெஷின் அது. சாவி பூட்டில் பொருந்திய பிறகு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி போர்ட்டில், அதாவது காரின் கணினியோடு பேசுகிற இணைப்பில், டேப்லெட்டை இணைத்தார். அதற்கு முன் கார் பேட்டரிக்குத் தனியாக ஒரு சார்ஜரை மாட்டினார். ஏன் என்று கேட்டேன். புரோகிராமிங் நடுவில் வோல்டேஜ் இறங்கினால் கன்ட்ரோல் யூனிட் கெட்டுப்போகலாம் என்றார். கனடாவில் எனக்குச் சாவி செய்து கொடுத்தவர் இதையெல்லாம் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அப்புறம் ஒரே காத்திருப்பு. சில கார்கள் பாதுகாப்புக்காகவே 10 நிமிடம், அதற்கு மேலும்கூட, காக்க வைக்கும். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அது ஒரு வழியாக அணைந்ததும் அவர் சாவியைத் திருப்பினார், இன்ஜின் பிடித்தது, சித்தப்பா தெருவுக்கே கேட்கும்படி கை தட்டினார்.

ஆனால் நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அடுத்து அவர் செய்ததற்காக. இரண்டாவது சாவியையும் பதிந்துவிட்டு, டேப்லெட்டைச் சித்தப்பாவிடம் காட்டினார். பதிவான சாவிகள் 2 என்று இருந்தது. தொலைந்தவை இரண்டையும் அழித்துவிட்டார், இனி அவை யார் கையில் கிடைத்தாலும் இந்த இன்ஜின் ஓடாது. புதுச் சாவி வேலை செய்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், பழையது செத்துவிட்டதா என்று கேட்பதே இல்லை. கேளுங்கள், திரையில் எண்ணிக்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். குளோன் செய்து, அதாவது பழைய சிப்பின் அடையாளத்தையே புதுச் சிப்பில் நகலெடுத்துத் தருகிறேன் என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். குளோன் சாவியும் மூலச் சாவியும் காருக்கு ஒரே சாவிதான், ஒன்றைத் தனியாக அழிக்க முடியாது.

ஒரு மனக்குறை உண்டு. ரசீது கேட்டபோது தயங்கினார், பிறகு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். இவ்வளவு திறமை உள்ளவர் சாவியின் வகை, தேதி, உத்தரவாதம் எல்லாம் போட்டு ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்க வேண்டாமா? கனடாவில் வேலை சுமாராக இருந்தாலும் தாள் மட்டும் பக்காவாக வரும்.

இன்னொன்று, கனடாவிலிருந்து ரிமோட் வாங்கி வா என்று கேட்கும் உறவினர்களுக்கு. வட அமெரிக்காவில் நிறைய கார் ரிமோட்கள் 315 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை, ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் 433.92. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் கதவு அசையாது. வாங்கும் முன் அந்த மெகாஹெர்ட்ஸ் எண்ணைச் சரிபாருங்கள்.

சிப் பதிவை அழித்தாலும் தொலைந்த சாவியின் உலோகப் பகுதி கதவை இன்னமும் திறக்கும். அதனால் கதவுப் பூட்டின் உள்தகடுகளை மாற்றி அமைக்கவும் அவரையே வரச் சொல்லியிருக்கிறோம், அதுவரை வண்டிக்குள் எதையும் வைக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.