மூன்று வருடம் ஒரு கேஷ்பேக் கார்டு: 800 வெள்ளிக் கோடும் ஓர் ஏர் ஃபிரையரும்

வங்கியின் பெயர் வேண்டாம். சிங்கப்பூரில் பல வங்கிகள் இதே மாதிரி ஒரு கார்டு வைத்திருக்கின்றன, பெயரும் நிறமும்தான் வேறு. என்னுடையதில் கணக்கு இப்படி: மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்தால் மளிகைக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் 5 விழுக்காடு திரும்பக் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் 20 வெள்ளி வரை. 799 வெள்ளி செலவழித்தால் 0.3 விழுக்காடுதான். கிட்டத்தட்ட இரண்டு வெள்ளி நாற்பது காசு. ஒரு வெள்ளி குறைந்ததற்கு இந்தத் தண்டனை!

நான் உட்லண்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். 2022-ல் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் இதற்கு விண்ணப்பித்தேன். அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸில் நுழைந்ததும் வருமான விவரமெல்லாம் தானாகவே போய்விட்டது, சம்பளச் சீட்டுகூடக் கேட்கவில்லை. வருட வருமானம் 30,000 வெள்ளி இருந்தால் உள்ளூர்க்காரர்களுக்கு கார்டு கொடுக்கலாம் என்பது நாணய ஆணையத்தின் விதி. என் சம்பளம் அப்போது 3,600. கார்டோடு வந்த கடன் வரம்பு 14,400. நாலு மாதச் சம்பளம், அதாவது என் வருமானத்துக்கு விதி அனுமதிக்கும் உச்சம். ஒரு வெள்ளிகூடக் குறைக்காமல் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. அந்த எண்ணைப் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். "இது நம்ம காசு இல்லையே" என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செயலி அருமை. ஒரு வெள்ளிக்கு மேல் எது போனாலும் கைப்பேசியில் தகவல் வரும்படி வைத்துக்கொள்ளலாம். கார்டு தொலைந்ததாகத் தோன்றினால் அந்த நொடியே பூட்டலாம். ஒருநாள் தேக்கா ஈரச்சந்தையில் பையைத் துழாவிவிட்டுப் பூட்டினேன், அப்புறம் குடை உறைக்குள் கிடந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் அதே கார்டைத் தட்டிப் போகலாம். இதற்கெல்லாம் முழு மதிப்பெண்.

இனி அந்த 800-க்கு வருவோம். எனக்கு இயல்பாக ஆகும் செலவு மாதம் 600, 650 வெள்ளி. செயலியில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது, 800 எட்டினால் பச்சையாகும். 2023 மார்ச் 29-ஆம் தேதி கோடு 640-ல் நின்றது. இன்னும் 160 வேண்டும். கிளினிக் முடிந்து நேரே காஸ்வே பாய்ண்ட்டுக்குப் போய் 169 வெள்ளிக்கு ஓர் ஏர் ஃபிரையர் வாங்கினேன். மளிகையும் சாப்பாடும் சேர்த்து எனக்குத் திரும்ப வரவேண்டியது 31 வெள்ளி. அதற்காக 169 வெள்ளி! கணக்குப் பாடத்தில் நான் மோசமில்லை, ஆனால் அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தால் புத்தி வேலை செய்வதில்லை. கொடுமை என்னவென்றால், அந்தத் தொகை வங்கியில் பதிவானது ஏப்ரல் 1-ஆம் தேதி. கடையில் தட்டிய நாள் கணக்கில் இல்லை, பதிவான நாள்தான் கணக்கு என்று நிபந்தனையில் எங்கோ ஒரு வரி இருந்தது. மார்ச்சுக்குக் கிடைத்தது 1 வெள்ளி 92 காசு. ஏர் ஃபிரையர் இன்னும் அலமாரிக்கு மேலே இருக்கிறது. வடையை அதில் போட்டால் ரஸ்க் மாதிரி வருகிறது.

அதைவிடப் பெரிய அடி அந்த வருடத் தீபாவளிக்கு விழுந்தது. தப்பு முழுக்க என்னுடையது. பில் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் ஜிரோ படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும், முழுத் தொகை, குறைந்தபட்சத் தொகை என்று. நான் அவசரத்தில் இரண்டாவதை டிக் செய்திருக்கிறேன். அதுவரை செயலியிலேயே கையால் கட்டி வந்தவள், "ஜிரோ போட்டாச்சு, இனி கவலை இல்லை" என்று இருந்துவிட்டேன். புடவை, பிள்ளைகளுக்கு உடுப்பு, பலகாரச் சாமான், புதுத் திரைச்சீலை எல்லாம் சேர்ந்து பில் 2,400. டிசம்பரில் ஜிரோ எடுத்தது அதில் 3 விழுக்காடு, 72 வெள்ளி. சேமிப்புக் கணக்கில் காசு நிற்பதைப் பார்த்து, "பரவாயில்லையே, தீபாவளி கழிந்தும் கையில் மிச்சம் இருக்கிறதே" என்று சந்தோஷப்பட்டேன்!

பொங்கலுக்குப் பால் வாங்கும்போதுதான் பில்லைத் திறந்தேன். வட்டி 110 வெள்ளிக்கு மேல். வருடத்துக்கு 27.8 விழுக்காடு, அதுவும் ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்து. முழுசாகக் கட்டினால்தான் வாங்கிய நாளிலிருந்து பில் கெடு வரை வட்டியில்லா நாள்கள், கட்டாத மாதம் அது எதுவும் கிடையாது, புதிதாக வாங்கும் பாலுக்கும் வட்டி ஓடும். 2,400-க்கு மாத வட்டி மட்டும் 55 வெள்ளி. 72 கட்டினால் கடனில் கழிவது 17. இப்படியே கட்டியிருந்தால் அந்தத் திரைச்சீலை கிழிந்த பிறகும் கட்டிக்கொண்டிருப்பேன்.

சின்ன வயதில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த மாமா கடை என்கிற சின்ன மளிகைக் கடையில் அம்மாவுக்குப் பற்று நோட்டு இருந்தது. பாக்கி ஏறினால் கடைக்காரரே, "போன மாசத்ததை முடிச்சிட்டு எடுங்கக்கா" என்று சொல்லிவிடுவார். அம்மாவுக்கு முகம் சுருங்கும், ஆனால் மைலோ டின் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். வட்டி கட்டிய அதே மாதம் எனக்கு வங்கியிலிருந்து வந்தது, 2,400-ஐத் தவணையாக மாற்றிக்கொள்ளலாமே என்ற இனிப்பான ஒரு குறுஞ்செய்தி.

முழுசாகக் கட்டி முடித்துவிட்டு வரம்பை 14,400-லிருந்து 2,000-க்கு இறக்கினேன். செயலியில் இரண்டு நிமிட வேலை. நம் சம்மதம் இல்லாமல் அவர்களாக ஏற்ற முடியாது. ஜிரோவை முழுத் தொகைக்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமை இரவு அந்த வாரம் தட்டியதை எல்லாம் செயலியிலேயே கட்டிவிடுகிறேன். பில் வரும்போது பெரும்பாலும் பூஜ்யம்தான். மலேசியாவுக்கு, ஜோகூர் போனால் ரொக்கம், அங்கே கார்டு தட்டினால் மூன்றேகால் விழுக்காடு கட்டணம் போகிறது. வருடச் சந்தா 196 வெள்ளி 20 காசு. கேட்டால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள், கேட்காவிட்டால் எடுத்துக்கொள்கிறார்கள். நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

பிள்ளைகுட்டியோடு மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மளிகையும் சாப்பாடுமாகப் போகிற வீட்டுக்கு இது நல்ல கார்டு, தாராளமாக எடுக்கலாம். தனியாக இருக்கும் என் தங்கை கேட்டாள், கணக்கிலிருந்து நேரே காசு போகும் நெட்ஸே போதும் என்றேன். எனக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு அந்தப் பூட்டும் பொத்தானுக்கு.

இன்றைக்கு 27-ஆம் தேதி. கோடு 590-ல் மஞ்சளாக நிற்கிறது, இன்னும் 210 வெள்ளிதான் என்று கீழே எழுதியிருக்கிறது. இருக்கட்டும். வீட்டில் அரிசி, எண்ணெய் எல்லாம் இருக்கிறது.