பச்சைக்கிளிக் குஞ்சு "பேப்பரோட" தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் நம்பி ஏமாந்தேன்

போன வருடம் பிப்ரவரியில் நடந்தது இது. இத்தனை நாள் எழுதாததற்கு முதல் காரணம் வெட்கம், அப்புறம் பயமும்தான். ஆனால் இப்போது மறுபடியும் கிளி குஞ்சு பொரிக்கிற மாதங்கள் வந்துவிட்டன, எங்கள் தெரு வாட்ஸப் குழுவிலேயே ஒருவர் "பசங்களுக்குக் கிளிக் குஞ்சு வேணும், எங்க கிடைக்கும்" என்று கேட்டிருந்தார், அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

நாங்கள் மதுரை. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கிளிக்கூண்டு மண்டபத்தில் நின்று "இங்க இருந்த கிளியெல்லாம் எங்கம்மா போச்சு?" என்று கேட்பாள். ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகள் இருந்தன, இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். அம்மன் கையிலேயே கிளி இருக்கிற ஊர். பிள்ளை ஒரு கிளி வேண்டும் என்று கேட்டாள், பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

தோழி ஒருத்தி ஒரு நம்பர் அனுப்பினாள். அந்த ஆளின் ஸ்டேட்டஸ் முழுக்கக் கிளிப் படங்கள்தான். பேசியபோது, "அக்கா, இது சாதாக் கிளி இல்ல, அலெக்ஸ். பெரிய சாதி. தோள்ல சிவப்பா இருக்கும் பாருங்க, அதான் அடையாளம். ஒரே கூட்டுல பொரிச்சது, ஜோடியா எடுத்துக்கங்க" என்றார். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்காமல் இல்லை. "பச்சைக்கிளி வளர்த்தா கேஸ் ஆகும்ங்கிறாங்களே?" என்று கேட்டேன். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது: "அது காட்டுல பிடிச்சதுக்குக்கா. இது நம்ம பண்ணையில பொரிச்சது. கால்ல வளையம் போட்டு, சர்டிபிகேட்டோட தர்றேன்." சர்டிபிகேட் என்ற அந்த ஒரு வார்த்தையில் என் சந்தேகமெல்லாம் போய்விட்டது.

ஜோடி 7,000 ரூபாய். 2,000 முன்பணம் ஜிபேயில், மீதி கையில். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பைக்கில் வந்து கொடுத்தார். பண்ணையைப் பார்க்கலாமா என்று முன்பே கேட்டிருந்தேன், "வெளியாளு வந்தா பறவைக்கு நோய் வரும்க்கா" என்று மறுத்துவிட்டார். அதையும் நம்பினேன். குஞ்சுகள் இருந்தது ஒரு ஸ்வீட் பாக்ஸில், மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள். வண்டியை ஆஃப் பண்ணக்கூட இல்லை, பணத்தை எண்ணிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றுக்கு இறகு ஓரளவு வளர்ந்திருந்தது, தோளில் இரண்டு பக்கமும் சிவப்பு. இன்னொன்றுக்குப் பாதி உடம்பில் தோல் தெரிந்தது, மீதியில் இறகு முளைக்கிற குருத்துகள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து சிரிஞ்சில் கொடுங்கள், நாக்கில் வசம்பு தேய்த்தால் சீக்கிரம் பேசும், இதுதான் அவர் சொன்ன வளர்ப்பு முறை. வசம்பு எல்லாம் வேண்டாம் என்று என் மாமியார் முதலிலேயே தடுத்துவிட்டார், அந்த ஒரு கொடுமையாவது நடக்கவில்லை.

மூன்றாம் நாளே சின்னது வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. குளிர்கிறது போல என்று நினைத்துத் துணியைச் சுற்றி மகள் மடியில் வைத்துக்கொண்டாள். நான்காம் நாள் விடிகாலையில் பார்த்தபோது அது செத்துக் கிடந்தது. பெரியதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

அந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இத எங்கம்மா வாங்குனீங்க?" சொன்னேன். ஒன்றும் பேசாமல் பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கிளியின் தோளைத் துடைத்தார். பஞ்சு ரோஸ் நிறமானது. இரண்டாவது பஞ்சும் அப்படியே. நாலைந்து தடவை துடைத்த பிறகு தோள் சுத்தமான பச்சையாக இருந்தது. சாயம். முந்தின நாள் என் மகளின் விரலில் சிவப்பாக ஒட்டியிருந்ததை நான் பலகாரக் கலர் என்று நினைத்துக் கழுவி விட்டிருந்தேன்.

அப்புறம் இறக்கையை விரித்துக் காட்டினார். பறப்பதற்கு வேண்டிய நீள இறகுகள் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன, இடது பக்கம் மட்டும் ஏழு. இரண்டு இறகுகளின் அடியில் காய்ந்த ரத்தம். வளர்கிற இறகின் குருத்துக்குள் ரத்தம் ஓடுமாம், அந்த நிலையில் வெட்டினால் நகத்தைச் சதையோடு வெட்டுவது மாதிரி. காலில் இருந்த வளையம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் பிளந்தது, எந்த வயதிலும் மாட்டலாம். உண்மையிலேயே வளர்ப்பில் பொரிக்கிற வெளிநாட்டுக் கிளிகளுக்கு, குஞ்சு பிறந்த சில நாட்களிலேயே, கால் சின்னதாக இருக்கும்போது, இணைப்பு இல்லாத உலோக வளையத்தைப் போட்டுவிடுவார்களாம். கால் பெரிதான பிறகு அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

"செத்ததும் இதுவும் ஒரே கூட்டுக் குஞ்சே இல்லம்மா" என்றார். ஒரு கூட்டில் மூன்று நான்கு முட்டை, ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் பொரியும், இவ்வளவு வயசு வித்தியாசம் வராது. ஆக இரண்டு கூடு கொள்ளை போயிருக்கிறது. பிறந்து ஏறக்குறைய ஏழு வாரம் தாய் தகப்பன் ஊட்டினால்தான் கிளிக் குஞ்சு பொந்தை விட்டு வெளியே வரும். அவை அரைத்துக் கக்கி ஊட்டுவதைக் கடலை மாவுத் தண்ணீர் ஈடுகட்டாது. ஆறிப்போனதைக் கொடுத்தால் தீனிப்பையிலேயே தேங்கிப் புளிக்கும், சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும், சிரிஞ்சைத் தவறாக அழுத்தினால் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். எங்கள் சின்னதுக்கு நடந்தது கடைசியாகச் சொன்னதுதான் என்றார். ஊட்டியது நான். ஒரு வருடமாகியும் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெளியே வந்து அந்த ஆளுக்கு போன் செய்தேன். இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். முதலில் "சூடு பத்தாம செத்துருக்கும், வேற குஞ்சு தர்றேன்" என்றார். சாயத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "அக்கா, போலீஸுக்குப் போனா நீங்களும்தான் மாட்டுவீங்க. வாங்குனதும் குத்தம்தான், தெரியும்ல?" என்று சொல்லிவிட்டு பிளாக் செய்துவிட்டார். வாங்கும்போது "கேஸ் ஆகாது" என்று சொன்ன அதே வாய். இவர்களின் தைரியமே இதுதான், வாங்கியவர் பயந்துபோய் வாயை மூடிக்கொள்வார் என்ற நம்பிக்கை. நானும் இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

சட்டம் என்ன என்று அந்த இரண்டு நாளில்தான் தேடிப் படித்தேன். நம் பச்சைக்கிளி 1972ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2022ல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, அதற்கு முன்பு நான்காவதில் இருந்தது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 தேர்தல் சமயத்தில் கடலூர் தொகுதியில் வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவரை வனத்துறை பிடித்து, கிளிகளையும் எடுத்துக்கொண்டது செய்தியில் வந்ததே, அது இந்தச் சட்டப்படிதான். அந்த ஆள் சொன்ன அலெக்ஸ் என்கிற பெரிய பச்சைக்கிளியும் நம் நாட்டுக் கிளிதான், அதற்கும் இதே தடை. அதாவது சாயம் பூசாமல் நிஜ அலெக்ஸையே கொடுத்திருந்தாலும் குற்றம் குற்றம்தான். நம் நாட்டுக் கிளிக்கு "பேப்பர்" என்று ஒன்று கிடையாது, எந்தப் பண்ணையும் தர முடியாது. எனக்குக் கொடுத்தது ஏதோ கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்த ஒரு தாள், சிங்க முத்திரை மாதிரி ஒரு படத்தோடு.

ஆணா பெண்ணா என்பதிலும் ஏமாற்றுகிறார்கள். "ஆண்தான்க்கா, கழுத்துல ஆரம் வரும், ஆண்தான் பேசும்" என்பார்கள். குஞ்சில் இரண்டுக்குமே ஆரம் கிடையாது, ஆணுக்கு அது தெளிவாக வருவதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும், குஞ்சை வைத்துச் சொல்வதெல்லாம் குருட்டாம்போக்கு.

அந்த இரண்டு நாளில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். சாயங்காலம் ஐந்தரை ஆறு மணிக்கு எங்கள் மாடிக்கு மேலே கிளிக் கூட்டம் போகும். கிளிகள் ராத்திரி மொத்தமாக ஒரே இடத்தில் அடையும், அந்த நேரத்துக்கு நாலா பக்கமிருந்தும் பறந்து வரும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் கிளி கூண்டுக் கம்பியை அலகால் கவ்வி ஏறி உச்சிக்குப் போய், கழுத்தை நீட்டி, கீ கீ என்று தொண்டை கிழியக் கத்தும். கூட்டம் போன பிறகும் பத்து நிமிஷம் கத்திவிட்டு, அப்புறம் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் மகள் "நம்மகிட்ட பேசுதும்மா" என்று சந்தோஷப்பட்டாள். இரண்டாம் நாள் அவளே "இது நம்மளக் கூப்பிடல, அதுங்களக் கூப்பிடுது" என்றாள். கிளி நம் பேச்சைத் திருப்பிச் சொல்வதும் இதனால்தான் என்று பின்னால் புரிந்துகொண்டேன். தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுப் பழகி அதில் ஒன்றாகிவிடுவதற்காக அதற்கு வாய்த்த திறமை அது, கூட்டமே இல்லாமல் நாம் மட்டும் இருந்தால் நம் குரலைப் பிடித்துக்கொள்கிறது.

பேசாமல் மாடியில் திறந்து விட்டுவிடலாம் என்று என் கணவர் சொன்னார். நல்ல எண்ணம்தான், ஆனால் தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். வெட்டிய இறகு உடனே வளராது, அது உதிர்ந்து புதிது முளைக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பூனைக்கும் காக்காய்க்கும்தான் இரை.

மூன்றாம் நாள் வனச்சரக அலுவலகத்துக்குக் கிளியோடு போனேன். கை நடுங்கியது உண்மை. எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள், எல்லாம் சொன்னேன், ஜிபே ரசீதையும் காட்டினேன். எழுதி வாங்கிக்கொண்டு, இனி இப்படி வாங்காதீர்கள் என்று கண்டித்து அனுப்பினார்கள். தானாக வந்து ஒப்படைத்ததால்தான் இதோடு போயிற்று என்றும் சொன்னார்கள். கிளி அவர்களிடம் போனது. 7,000 ரூபாய் போனது போனதுதான்.

அங்கே ஒரு வனக்காப்பாளர் விளக்கினார். கிளியால் மரங்கொத்தி மாதிரி நல்ல மரத்தில் பொந்து குடைய முடியாது. மரங்கொத்தியோ குக்குறுவான் என்கிற பறவையோ குடைந்து விட்டுப் போனது, தலை போன மொட்டைப் பனை, கோபுரத்திலும் பழைய சுவரிலும் உள்ள ஓட்டை, இப்படி இருப்பதைத்தான் பிடிக்கும், நல்ல பொந்து கிடைத்தால் வருஷா வருஷம் அதற்கே வரும். குஞ்சு எடுப்பவர்கள் கை நுழையவில்லை என்று வாயை அரிவாளால் வெட்டிப் பெரிதாக்குகிறார்கள், சில சமயம் மரத்தையே சாய்க்கிறார்கள். அடுத்த வருடத்துக் கூடும் அதோடு போயிற்று. "பாவமா இருக்குன்னு காசு குடுத்துக் காப்பாத்துறேன்னு வாங்குறாங்கம்மா, அந்தக் காசுலதான் அடுத்த மரம் ஏறுறான்" என்றார். சந்தையில் கூண்டில் பார்த்து மனசு கேட்காமல் வாங்கிப் பறக்கவிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கிளி மட்டும் இல்லை. புள்ளிச்சில்லை என்கிற நம் ஊர்ச் சின்னக் குருவிக்குப் பச்சை, சிவப்புச் சாயம் அடித்து "ஃபாரின் குருவி" என்று விற்கிறார்கள், மைனாவும் விற்கிறார்கள், அதிர்ஷ்டம் என்று நட்சத்திர ஆமையை விற்கிறார்கள். ஆமை முதல் அட்டவணை, தண்டனை இன்னும் கடுமை.

லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சின்னக் கலர் கிளிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி, கூண்டிலேயே தலைமுறைகளாகப் பொரிப்பவை, அதற்குத் தடை இல்லை. ஆப்பிரிக்க சாம்பல் கிளி மாதிரியானவற்றுக்கு 2024ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு வேண்டும், விற்கிறவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். அதிலும் இன்னொரு மோசடி உண்டு. என் தோழியின் தம்பி சாம்பல் கிளிக்கு முன்பணம் கட்டினான், அப்புறம் கூண்டுக்கு, இன்சூரன்ஸுக்கு, விமானத்துக்கு என்று நாலு தடவை கட்டினான், கிளி இன்று வரை வரவில்லை.

ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் பயந்து ஒளித்து வைக்காதீர்கள், பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். விற்கிறவரின் நம்பர், படம், ரசீது எதையும் அழிக்காதீர்கள், நான் கோபத்தில் அந்த ஆளோடு பேசிய வாட்ஸப் சாட் முழுவதையும் அழித்துவிட்டு ரசீது மட்டும் வைத்திருந்தேன், சாட்டும் இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்றார்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் இருந்தால் மருத்துவரிடம் கிளி வைத்திருந்ததைச் சொல்லுங்கள், காய்ந்த எச்சத் தூசி வழியாகப் பரவும் நோய் ஒன்று இருக்கிறது.

போன வாரம் தோழி ஒரு ஸ்டேட்டஸைக் காட்டினாள். நம்பர் வேறு, பெயர் வேறு. ஒரு ஸ்வீட் பாக்ஸில் ஐந்து குஞ்சுகள், இரண்டுக்குக் கண்கூட முழுசாகத் திறக்கவில்லை. பாக்ஸ் வைத்திருந்த தரை மட்டும் அதே தரை, சிவப்பு சிமெண்ட், ஓரத்தில் பெயர்ந்த மூலை, போன வருடம் எனக்கு வந்த படத்தில் இருந்ததேதான். "குஞ்சு வந்தாச்சு, பேப்பரோட" என்று போட்டிருந்தார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றைக்கே வனச்சரகருக்கு அனுப்பிவிட்டேன்.